போர்க்காலப் படம் பார்த்து ராணுவ வண்டி மாடல் செய்வது: தேடலில் தொடங்கி முதல் பசை வரை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் புதிதாக மாடல் செய்ய வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி) வந்த அன்றைக்கே பசை மூடியைத் திறந்துவிடுவார்கள். பாதி வண்டி ஒட்டி முடித்து, பெயின்ட் அடிக்க உட்காரும்போதுதான் "இதுக்கு ஒரிஜினல் போட்டோ இருக்கா?" என்று கேள்வி வரும். தேடினால் நல்ல படமாகவே கிடைக்கும். ஆனால் அதில் கிரில் வேறு, சக்கரம் வேறு. ஒட்டியதைப் பிரிக்க முடியாது.

அதனால் படம் சம்பந்தப்பட்ட வேலை முழுவதையும் பசைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். அதை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் கீழே இருப்பது. உதாரணத்துக்கு இரண்டு வண்டிகளைக் கூடவே வைத்துக்கொள்கிறேன். ஒன்று, இரண்டாம் உலகப் போர் ஜீப். பெரும்பாலோர் அதில்தான் தொடங்குகிறார்கள். இன்னொன்று, பர்மா எல்லையில் ஓடிய எம்3 லீ டாங்கி.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கோடு போட்ட நோட்டு, ஸ்கேல், கால்குலேட்டர், பூதக்கண்ணாடி. வெர்னியர் (நுண்ணிய அளவுக் கருவி) இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் ஓடும். படத்தைப் பார்க்க செல்போன் போதாது. லேப்டாப்போ டேப்லெட்டோ யாரிடமாவது வாங்கியாவது பாருங்கள். சின்னத் திரையில் ரிவெட்டும் அழுக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் அச்செடுக்க வேண்டியிருக்கும். "பக்கத்துக்குப் பொருத்து" என்று கடைக்காரர் தானாகவே பெரிதாக்கிவிடுவார். அப்படி வேண்டாம், நூறு சதவீதத்தில் எடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காரணம் எட்டாவது படியில் வரும்.

கணினியில் ஒரு ஃபோல்டர் போட்டு, ஒவ்வொரு படத்தையும் சேமிக்கும்போதே எங்கிருந்து எடுத்தது, அங்கே அதன் எண் என்ன என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே போட்டு வைப்பவர்கள் ஒரு மாதம் கழித்து அது எந்த ஊர், எந்த வருடம் என்று தெரியாமல் விழிப்பார்கள்.

2. ஒரே ஒரு வண்டியை முடிவு செய்யுங்கள்

"நான் ஜீப் செய்யப்போகிறேன்" என்பது முடிவே இல்லை. எந்தப் படையின் ஜீப், எந்த வருடம், எந்த இடம் என்ற மூன்றும் தெரிந்தால்தான் தேடலுக்கு எல்லை கிடைக்கும். போர்க்கால வண்டிகளை உற்பத்தி நடக்கும்போதே மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரே பெயரில் ஓடிய இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்தினால் பத்து வித்தியாசமாவது இருக்கும்.

ஜீப்பையே பாருங்கள். வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்று இரண்டு கம்பெனிகள் ஒரே வண்டியைச் செய்தன. வில்லிஸின் தொடக்க வண்டிகளில் முன் கிரில் இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்து வைத்தது. 1942இல் அதை விட்டுவிட்டு, ஒரே தகட்டில் ஒன்பது துளை வெட்டி அழுத்திய கிரிலுக்கு மாறினார்கள். பின்பக்க ஜெரிகேன் (எரிபொருள் கேன்) தாங்கி பிறகு சேர்ந்தது. சக்கரமும் ஒற்றைத் தகட்டிலிருந்து இரண்டாகப் பிரிக்கக்கூடிய வகைக்கு மாறியது. 1942 ஜனவரி ஜீப்புக்கு 1944 ஜீப்பின் படம் பார்த்து வேலை செய்தால் இவ்வளவும் தப்பாகும்.

நம் ஊரில் ஓடும் மகிந்திரா ஜீப்பைப் பார்த்துச் செய்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மகிந்திரா 1947இல்தான் வில்லிஸ் ஜீப்பை இங்கே கோக்கத் தொடங்கியது. பிறகு இங்கே பரவலான வகையில் பானெட் உயரம், கிரிலில் துளை ஏழு, பின்னால் திறக்கும் கதவு உண்டு. போர்க்கால ஜீப்புக்குப் பின்கதவே கிடையாது. சத்துவாச்சாரி மெக்கானிக் கடையில் நிற்கிற ஜீப், ஸ்டியரிங்கைப் பிடித்து எப்படி உட்கார்வது என்று பார்க்க உதவும். அதற்கு மேல் வேண்டாம்.

3. எங்கே தேடுவது, எந்த வரிசையில்

முதலில் அரசு ஆவணக் காப்பகங்கள், அப்புறம் அருங்காட்சியகங்கள், கடைசியாகத்தான் பொதுத் தேடல். தலைகீழாகத் தேடினால், முதல் நாளே நூறு முறை நகலெடுத்துத் தேய்ந்துபோன படங்களில் மாட்டிக்கொள்வீர்கள். எண்ணும் இருக்காது, குறிப்பும் இருக்காது.

பர்மா, இந்தியா என்றால் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் தொடங்குங்கள். அங்கே படத்தின் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தே பாதி தகவலைச் சொல்லிவிடும். எஸ்.இ. என்றால் தென்கிழக்கு ஆசியப் போர்முனை. ஐ.என்.டி. என்றால் இந்தியத் தொகுப்பு. ஈ என்பது வட ஆப்பிரிக்கா, என்.ஏ. என்பது இத்தாலி. அமெரிக்க வண்டிகளுக்கு அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகம். அமெரிக்கப் படையின் சிக்னல் கோர் பிரிவு எடுத்த படங்களின் எண் 111-எஸ்.சி. என்று தொடங்கும். ஆஸ்திரேலியப் படை சம்பந்தப்பட்டதென்றால் ஆஸ்திரேலியப் போர் நினைவகம். அங்கே படக்குறிப்புகள் நல்ல விரிவாக இருக்கும். ஜெர்மன் வண்டிகளுக்கு ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம். அவர்கள் 2008 டிசம்பரில் தங்கள் படங்களில் ஒரு பகுதியை விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படத் தளத்தில் ஏற்றினார்கள். அளவு சின்னதுதான், ஆனால் எண்ணோடு இருக்கிறது.

அந்த எண்தான் முக்கியம். புதியவர்கள் ஒரு நல்ல படம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். படம் எடுத்தவர் ஒரு டாங்கியைப் பார்த்து ஒரே ஒரு முறை பொத்தானை அழுத்திவிட்டுப் போகவில்லை. முன்னால் ஒன்று, சுற்றிப் போய்ப் பின்னால் ஒன்று, மேலே உட்கார்ந்திருப்பவர்களை ஒன்று என்று எடுத்திருப்பார். ஆகவே கையிலிருக்கும் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் போட்டுத் தேடுங்கள். ஜெர்மன் காப்பகத்தின் "101I" என்ற வரிசையில் இது இன்னும் எளிது: கடைசிக்கு முந்தைய எண் ஃபிலிம் சுருள், கடைசி எண் அந்தச் சுருளில் எத்தனையாவது படம். அதே சுருளில் அடுத்த படத்தைப் பிடித்தால் உங்கள் வண்டியின் மறுபக்கம் கிடைக்க நல்ல வாய்ப்பு.

தேடும் வார்த்தை அந்தக் காலத்து ஆங்கிலமாக இருக்க வேண்டும். பிரிட்டிஷ் குறிப்பு லாரி என்று சொல்லும், அமெரிக்கக் குறிப்பு டிரக் என்று சொல்லும். லீ டாங்கி "ஜெனரல் லீ" என்றிருக்கும். ஸ்டூவர்ட் டாங்கியைச் சில இடங்களில் "ஹனி" என்று எழுதியிருப்பார்கள். ஊர்ப்பெயரையும் அன்றைய எழுத்தில் போடுங்கள். மியான்மர் என்று தேடினால் ஒன்றும் வராது, பர்மா என்று தேட வேண்டும்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் பார்த்து மாடல் செய்வதில் சிக்கல் இல்லை. புத்தகத்திலோ கண்காட்சிப் பலகையிலோ அச்சிடுவதாக இருந்தால் அந்தந்தக் காப்பகத்தின் விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். ஜெர்மன் படங்களைக் காமன்ஸிலிருந்து எடுத்தால் காப்பகத்தின் பெயரையும் படம் எடுத்தவர் பெயரையும் போடுவது கட்டாயம்.

4. வீட்டு ஆல்பங்கள்

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வெளியூர்க்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. கண்ணமங்கலம் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரிலும் ஒரு ரிட்டயர்டு ஹவில்தாரோ சுபேதாரோ இருப்பார். 1965, 1971 போர்களின்போது எடுத்த படங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கும். எந்தக் காப்பகத்திலும் இல்லாத படங்கள் அவை.

போகும்போது தெரிந்தவர் மூலமாகப் போங்கள். போனதும் படத்தைக் கேட்காதீர்கள். காபி வரட்டும், அவர் எந்த ரெஜிமென்ட், எங்கெல்லாம் இருந்தார் என்று அவராகச் சொல்லட்டும்.

கேள்வி கேட்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "தாத்தா, இது என்ன டாங்கி?" என்று கேட்டால் அவர் ஏதோ ஒரு பெயர் சொல்வார். ஐம்பது வருடத்தில் பெயர்கள் கலந்துபோயிருக்கும். "இதுல நீங்க எந்தப் பக்கமா ஏறுவீங்க? தண்ணி கேன் எங்க கட்டுவீங்க? மழை வந்தா மேல என்ன போடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கை தானாக எழுந்து காட்டும். கை காட்டும் தகவல் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

படத்தை ஆல்பத்திலிருந்து பிரிக்க வேண்டாம். அந்தக் காலத்துக் கறுப்பு அட்டை ஆல்பத்தில் சோற்றுப்பசையோ கோந்தோ வைத்து ஒட்டியிருப்பார்கள். பிரித்தால் படத்தின் முதுகு கிழியும். ஜன்னல் ஓரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தானாகக் கழன்று வந்த படமாக இருந்தால் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, ஒரு ஊர்ப்பெயர் ஏதாவது இருக்கும்.

இதெல்லாம் பழைய படங்களுக்கு மட்டும். இப்போது பணியில் இருப்பவரிடம் இன்றைய வண்டிப் படம் கேட்காதீர்கள். ராணுவ வளாகத்தின் அருகில் போய் நீங்களாகவும் எடுக்காதீர்கள்.

5. படம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் ரொம்ப அதிகம். பழைய நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்செடுத்த படங்கள் ஏராளம். இடமும் வலமும் மாறியிருக்கும், யாருக்கும் தோன்றாது.

ஜீப் என்றால் சரிபார்க்கும் வழி: ஸ்டியரிங் இடப்பக்கம். மண்வெட்டியும் கோடாலியும் ஓட்டுநர் பக்கத்தில். பின்னாலிருந்து பார்த்தால் ஸ்டெப்னி வலப்பக்கம், ஜெரிகேன் இடப்பக்கம். லீ டாங்கியில் இன்னும் எளிது. அதன் 75 மில்லிமீட்டர் பெரிய பீரங்கி டாங்கியின் வலது உடலில் இருக்கிறது; முன்னால் நின்று பார்க்கும் நமக்கு இடப்பக்கம் தெரிய வேண்டும். வலப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. வண்டியில் தெரியவில்லை என்றால் மனிதரைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணிதான் மேலே வரும்.

அடுத்தது தணிக்கை. படையணிச் சின்னம் எதிரிக்குத் தெரியக்கூடாது என்று நெகட்டிவிலேயே சுரண்டியிருப்பார்கள். மட்கார்டில் காரணமில்லாமல் ஒரு வெள்ளை மேகமோ கறுப்புத் திட்டோ தெரிந்தால் அங்கே ஒரு சின்னம் இருந்தது என்று அர்த்தம். அதைச் சேறு என்று நினைத்து மாடலில் சேறு பூசியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, இப்போது புதிதாக வந்திருக்கும் தொல்லை: செயற்கை நுண்ணறிவால் "தெளிவாக்கிய" படங்கள். மங்கலான இடத்தில் கணினி தன்னிஷ்டத்துக்கு ரிவெட் வைக்கும், இல்லாத கீல் வைக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆதாரமாக எடுக்க ஒன்றுக்கும் ஆகாது. கலர் ஏற்றிய கறுப்பு வெள்ளைப் படமும் அப்படித்தான். அந்த நிறம் ஏற்றியவரின் ஊகம். இரண்டையும் தனி ஃபோல்டரில் தள்ளிவிடுங்கள், அழித்துவிட்டால் இன்னும் நல்லது.

6. தேதியை உறுதி செய்யுங்கள்

படக்குறிப்பில் உள்ள தேதி, படம் எடுத்த நாளாகவும் இருக்கலாம், அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த நாளாகவும் இருக்கலாம். குறிப்பை எழுதியவருக்கு வண்டி வகை தெரியாமலும் இருந்திருக்கும். ஆகவே குறிப்பை ஒரு சாட்சியாக மட்டும் எடுத்துக்கொண்டு, வண்டியையே இரண்டாவது சாட்சியாக விசாரியுங்கள்.

ஜெர்மன் டாங்கிகளில் சிம்மரிட் என்ற, காந்த வெடிகள் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு வரி வரியாகத் தெரியும். அதைத் தொழிற்சாலையில் பூசியது 1943 இலையுதிர்காலத்துக்குச் சற்று முன்னிருந்து 1944 செப்டம்பர் வரைதான். பூச்சோடு இருக்கும் டைகர் டாங்கிக்கு "1943 ஜனவரி" என்று குறிப்பு போட்டிருந்தால் குறிப்பு தப்பு. அதே டைகரில் ரப்பர் விளிம்பு இல்லாத எஃகுச் சக்கரம் தெரிந்தால் அது 1944இல் வெளிவந்த வண்டி.

லீ டாங்கியில் பீரங்கிக் குழாயின் நீளத்தைப் பாருங்கள். முதலில் வந்த எம்2 குழாய் குட்டை, அதன் முனையில் எடைக்குண்டு மாட்டியிருப்பார்கள். பிறகு வந்த எம்3 குழாய் நீளம். இம்பால் மலைகளில் 1944 ஏப்ரல் 13 அன்று நுன்ஷிகும் உச்சிக்கு ஏறியவை லீ டாங்கிகள். அடுத்த வருடம் 1945 மார்ச்சில் பர்மாவின் மெய்க்டிலாவைப் பிடித்தபோது அங்கே ஓடியவை பெரும்பாலும் ஷெர்மன்கள். ஊரும் வருடமும் வண்டி வகையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று இப்படிப் பொருத்திப் பார்த்தால் தவறான குறிப்புகளில் பாதி இங்கேயே உதிர்ந்துவிடும்.

நம் ஊர்ப் போர்களின் படங்களுக்கு முதலில் சக்கரத்தை எண்ணுங்கள். சோவியத் டி-55 டாங்கி என்றால் ஒரு பக்கத்துக்கு ஐந்து சக்கரம், முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இடைவெளி. டி-62க்கும் ஐந்துதான், ஆனால் இடைவெளி பின்பக்கம். ஆவடியில் செய்த விஜயந்தாவுக்கு ஆறு. குழாயில் இருக்கும் புகை உறிஞ்சிக் குமிழ் டி-55இல் முனையிலேயே இருக்கும், விஜயந்தாவில் நடுவில். இது இரண்டும் தெரிந்தால் போதும், மங்கலான படத்திலும் குழப்பம் வராது. ஒன்றில் மட்டும் கவனம்: 1971இல் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் கொண்டுவந்த சீன டி-59க்கும் சக்கர வரிசை டி-55 போலவே இருக்கும். அங்கே சக்கரம் கைகொடுக்காது, படம் எடுத்த இடம்தான் கைகொடுக்கும்.

7. மூன்று பத்தி நோட்டு

இதுதான் மொத்த வேலைக்கும் முதுகெலும்பு. நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்திக்குத் தலைப்பு "தெரிகிறது". இரண்டாவது "ஊகம்". மூன்றாவது "மறைந்திருக்கிறது". ஒரு படத்துக்கு ஒரு பக்கம். வண்டியை முன்னிருந்து பின்னாக, மேலிருந்து கீழாக, ஒரு இடம் விடாமல் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

ஒரு ஜீப் படம், முன்னாலிருந்து சற்றே சாய்வாக எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். கிரிலில் ஒன்பது துளை: தெரிகிறது. கிரிலுக்குக் கீழே, இரண்டு சட்டக் கொம்புகளை இணைக்கும் குறுக்குத் தண்டைப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த "U" வடிவத் தகடாக இருந்தால் ஃபோர்டு. நம் படத்தில் அங்கே பம்பரின் நிழல் விழுந்திருக்கிறது. அப்படியானால் மறைந்திருக்கிறது. "வில்லிஸ்தான் அதிகம் செய்தான், அதனால் வில்லிஸ்" என்று எழுதத் தோன்றும். எழுதலாம், ஊகம் பத்தியில்.

பானெட் பக்கவாட்டில் எண் 20இல் தொடங்குகிறது: அமெரிக்கப் பதிவு, ஜீப் வகைக்கான எண். அது தெரிகிறது. அதே ஜீப் பிரிட்டிஷ் கையில் இருந்தால் எம் என்ற எழுத்தோடு வேறு எண் இருக்கும். டாங்கிக்கு டி, லாரிக்கு எல். காற்றுத் தடுப்புக் கண்ணாடி பானெட்மேல் மடக்கி, துணி உறை போட்டிருக்கிறது: தெரிகிறது. பின்னால் ஜெரிகேன் இருக்கிறதா? இந்தக் கோணத்தில் மறைந்திருக்கிறது. கிட்டோடு வந்த டெக்காலில் (ஒட்டும் சின்னத் தாள்) ஒரு படையணிச் சின்னம் இருக்கிறது, படத்தில் அந்த இடம் சுரண்டப்பட்டிருக்கிறது: டெக்கால் ஊகம்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? கண் தானாகவே இடைவெளியை நிரப்பிவிடும். கிட்டின் வழிகாட்டித் தாளைப் பார்த்த கண்ணுக்குப் படத்திலும் அதே கைப்பிடி தெரிவதுபோல இருக்கும். எழுதும்போது மட்டும்தான் "நிஜமாகவே தெரிகிறதா?" என்று நின்று பார்ப்போம். அதனால் கிட் வழிகாட்டியைத் திறக்கும் முன்பே இந்த நோட்டை முடித்துவிடுங்கள்.

மூன்றாவது பத்திதான் உங்கள் அடுத்த தேடல் பட்டியல். பத்து விஷயம் மறைந்திருந்தால் அந்தப் பத்துக்கு மட்டும் தேடுங்கள். அங்கே அதே வகையைச் சேர்ந்த வேறொரு வண்டியின் படம் உதவும், ஆனால் அதே போர்முனை, அதே ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் வண்டி கடைசி இடம்தான். ஊர் முனையில் மேடை கட்டி நிறுத்திய டாங்கியை எத்தனை முறை பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூடிகளை வெல்டிங் வைத்து அடைத்திருப்பார்கள், வெளிச்சாமான்கள் போயிருக்கும். வார்ப்பின் சொரசொரப்பு, தகட்டின் கனம், வெல்டிங் தழும்பு போன்றவற்றை விரலால் தொட்டுத் தெரிந்துகொள்ள மட்டும் அங்கே போங்கள்.

8. படத்திலிருந்து அளவெடுப்பது

கிட்டில் இல்லாத ஒரு பெட்டியோ கம்பித் தாங்கியோ படத்தில் இருக்கும். அதை நீங்களே செய்ய அளவு வேண்டும். அதற்குத் தெரிந்த ஒரு அளவைப் பிடித்துக்கொண்டு தெரியாததுக்குப் போக வேண்டும்.

ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 80 அங்குலம், அதாவது 2032 மில்லிமீட்டர். 1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கில், இது 58 மில்லிமீட்டர். நேர்ப் பக்கவாட்டுப் படத்தை அச்செடுத்து அச்சுகளின் நடுப்புள்ளிகளை அளந்தால் 116 வருகிறது என்று வைப்போம். அப்படியானால் தாளில் ஒரு மில்லிமீட்டர், நிஜத்தில் பதினேழரை மில்லிமீட்டர். பக்கவாட்டில் கட்டிய பெட்டி தாளில் 24 என்றால் நிஜத்தில் 420, மாடலில் 12. கணக்கு போடப் பிடிக்காதவர்கள் அதே படத்தை ஐம்பது சதவீதமாகச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்தால் தாளே மாடல் அளவுக்கு வந்துவிடும், பாகத்தை அதன்மேல் வைத்தே வெட்டலாம். கடைக்காரர் தன்னிஷ்டத்துக்குப் பெரிதாக்கக்கூடாது என்று முன்னால் சொன்னது இதற்குத்தான். அச்சு வந்ததும் அங்கேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

அச்சு தெரியாத படத்தில் ஜெரிகேன் உதவும். 20 லிட்டர் கேன் ஏறக்குறைய 47 சென்டிமீட்டர் உயரம். மனிதரின் உயரத்தை வைத்து அளக்காதீர்கள். யாரும் டாங்கிமேல் விறைத்துக்கொண்டு நிற்பதில்லை.

இரண்டு தப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, தூரம். அளவுகோலும் அளக்கும் பொருளும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஜீப்பின் அகலம் ஏறக்குறைய 1.57 மீட்டர். கேமரா நாலு மீட்டர் தள்ளி நின்றால் இந்தப் பக்கச் சக்கரம் நாலு மீட்டரில், அந்தப் பக்கம் ஐந்தரை மீட்டருக்கு மேல். அந்தப் பக்கத்தில் இருக்கும் பொருள் கால் பங்குக்கு மேல் சின்னதாகத் தெரியும். இந்தப் பக்க அச்சை வைத்து அந்தப் பக்கப் பெட்டியை அளந்தால் மாடலில் பெட்டி குட்டையாகிவிடும்.

இன்னொன்று, சாய்வு. பக்கவாட்டுப் படம் என்று நாம் நினைப்பதில் பெரும்பாலானவை கொஞ்சம் சாய்வாகத்தான் இருக்கும். சக்கரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வட்டம் நீள்வட்டமாக இருந்தால் சாய்வு. சக்கரத்தின் உயரம் 30, அகலம் 24 என்றால் படுக்கைவாட்டில் எல்லாம் 0.8 மடங்காகச் சுருங்கியிருக்கிறது. படுக்கைவாட்டில் 40 வந்தால் அதை 0.8ஆல் வகுத்து 50 என்று எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தைத் தொடாதீர்கள். இது தோராயக் கணக்குதான். கேமரா தள்ளி இருந்த படத்தில் சரியாக வரும், மூக்குக்கு நேரே வைத்து எடுத்த படத்தில் வராது.

9. நிறத்தைப் படத்திலிருந்து எடுக்காதீர்கள்

கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பல் நிறத்தைப் பார்த்து "இது ஆலிவ் பச்சை" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக வரலாம். ஆர்தோகுரோமாட்டிக் ஃபிலிம் என்றால் சிவப்பே அதற்குத் தெரியாது, கறுப்பாக வரும்; நீலம் வெளிறிவிடும். ஐந்தாவது இந்திய டிவிஷனின் சின்னம் கறுப்புப் பின்னணியில் சிவப்பு வட்டம். அந்த ஃபிலிமில் வட்டமே காணாமல் போய், வெறும் கறுப்புச் சதுரம் மட்டும் மிஞ்சும். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் பரவாயில்லை, ஆனால் முன்னால் மஞ்சள் வடிகட்டி போட்டிருந்தால் அதுவும் மாறும். மழையில் நனைந்த வண்டி கறுத்துத் தெரியும், புழுதி படிந்தது வெளுத்துத் தெரியும்.

ஆகவே நிறம் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்: அந்தந்த ராணுவத்தின் பெயின்ட் ஆணைகள். ஜெர்மன் வண்டிகளின் அடிநிறம் 1943 பிப்ரவரியில் கருஞ்சாம்பலிலிருந்து அடர்மஞ்சளுக்கு மாறியது. ஐரோப்பாவிலிருந்த பிரிட்டிஷ் படைக்கு 1944இல் பழுப்பு போய் ஆலிவ் வந்தது. ஆறாவது படியில் தேதியை உறுதி செய்தீர்களே, அது இங்கேதான் பலன் தரும். படத்தின் வேலை, ஒரே நிறமா இரண்டு நிறமா, எல்லைக்கோடு கூர்மையா மங்கலா, எங்கே உரிந்திருக்கிறது என்று சொல்வது மட்டும். சாம்பல்களை ஒப்பிடுவதானால் ஒரே படத்துக்குள் ஒப்பிடுங்கள்: வெள்ளை நட்சத்திரம் ஒரு முனை, டயர் இன்னொரு முனை, வண்டி நடுவில் எங்கே விழுகிறது?

நிஜக் கலர்ப் படம் குறைவு, ஆனால் இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஆல்ஃபிரட் பால்மர் 1942 ஜூனில் கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் எடுத்த எம்3 டாங்கிகளின் கோடக்ரோம் (கலர் ஃபிலிம்) படங்களைப் பாருங்கள். வெயிலில் அமெரிக்க ஆலிவ் எப்படித் தெரியும், சங்கிலிப் பட்டையில் ரப்பரும் இரும்பும் எப்படி வேறுபடும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் அவை பயிற்சி முகாம் வண்டிகள். அவற்றின் எண்ணையும் சின்னத்தையும் இம்பால் டாங்கியில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

10. சேறு, புழுதி, மூட்டை முடிச்சு

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு என்று ஒரு தப்பு உண்டு. நமக்குத் தெரிந்த மண் செம்மண். எந்த வண்டி செய்தாலும் கை தானாகச் செம்மண் கலரை எடுக்கும். படத்தில் மண்ணின் நிறம் தெரியாது, ஆனால் ஈரமா காய்ந்ததா, சக்கரத்தில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, எங்கே உதிர்ந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். அதை நோட்டில் எழுதுங்கள். இம்பால் சண்டை மார்ச்சில் தொடங்கி மழைக்காலத்துக்குள் ஓடியது. மே மாதத்துக்கு முன் எடுத்த படமா பின் எடுத்ததா என்பதைப் பொறுத்துச் சேறே மாறும். மெய்க்டிலா வறண்ட பூமி, அங்கே புழுதி. பாலாற்று மணலைச் சலித்து அடித்தளத்துக்குப் போடலாம், நன்றாகவே இருக்கும், ஆனால் கலரை அதன்மேல் அடித்துக்கொள்ளுங்கள்.

மூட்டைகளைப் படத்தில் இருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். பட்டை வார்களுக்கு ஆம்பூர் செருப்புக் கம்பெனித் துண்டுத் தோல் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். எவ்வளவு சீவினாலும் 1/35க்குக் கனம் அதிகம். பழுப்புக் கவர்த் தாள் போதும், மடிப்பும் சரியாக விழும்.

11. பசையைத் திறக்கும் முன்

இப்போது கிட் வழிகாட்டியைத் திறந்து, ஒவ்வொரு பாகத்தையும் நோட்டோடு ஒப்பிடுங்கள். படத்தில் தெரியும் பாகம் கிட்டில் வேறு மாதிரி இருந்தால் வழிகாட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். கிட்டில் இருந்து, நோட்டில் "மறைந்திருக்கிறது" என்று உள்ளவற்றுக்குப் பென்சில் வட்டம்.

சிவப்பு வட்டங்களை முதலில் செய்து முடியுங்கள். அவைதான் வெட்டும் ஒட்டும் அதிகம் கேட்பவை. ஜீப்பின் கிரிலை மாற்ற வேண்டியிருந்தால் அதை உடலோடு ஒட்டும் முன் மாற்றுவது அரை மணி நேர வேலை. ஒட்டிய பின் மாற்றினால் ரேடியேட்டரும் சேர்ந்து போகும். பென்சில் வட்டங்களைக் கடைசிவரை ஒட்டாமல் விடுங்கள். ஜெரிகேன் தாங்கி, பின் விளக்கு, கருவிகள் போன்றவற்றை மாஸ்கிங் டேப்பிலோ சின்ன டப்பாவிலோ வைத்து, எண் எழுதி வையுங்கள். மறுபக்கப் படம் பெயின்ட் அடித்த பிறகும் வந்து சேரலாம்.

தேடலை எங்கே நிறுத்துவது என்று கேட்பார்கள். சிவப்பு வட்டங்கள் முடிந்து, பென்சில் வட்டங்கள் வண்டியின் அடிப்பகுதியிலும் உள்பக்கத்திலும் மட்டும் மிஞ்சியிருந்தால் போதும், அவற்றைக் கிட் சொல்கிறபடியே ஒட்டிவிடுங்கள். நோட்டில் அந்த வரிகளுக்கு எதிரே "கிட்படி" என்று எழுதி, நோட்டை மாடலோடு சேர்த்தே அலமாரியில் வையுங்கள்.